ஒஹாயோ லோயரும் ஒரு பொன்னாடையும்

— சிரிச்சவை, நாகபூசணி. நேற்று நவராத்திரிப் பூசையில, கோயில் மண்டபம் முழுக்கச் சிரிச்சது. தலைவர் பொன்னாடையை விரிச்சுக்கொண்டு எனக்குக் கிட்ட வாறார். பின்வரிசையில ஒருத்தன், "ஹொலவே ஐயா, நேரம் போகுது, கோர்ட் பூட்டப் போறாங்கள்" எண்டு சொல்லுறான். அவ்வளவுதான். ஐயரும் சிரிச்சவர்.

— முதல்ல இருங்கோ, விக்னராஜா அண்ணை. கதிரையில கிடக்கிற வெங்காயப் பையைக் கீழ வையுங்கோ. நாளைக்கு ஒரு பிறந்தநாள் ஓடர், குசினி முழுக்கச் சாமான். தேத்தண்ணி குடிக்கிறியளோ?

— எனக்குத் தேத்தண்ணி வேண்டாம். நாளைக்கு அந்த நாடகம் வானொலியில போகக்கூடாது. அதைச் சொல்லத்தான் வந்தனான்.

— எந்த நாடகம்?

— எந்த நாடகமோ? சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை நீ எழுதிப் போடுற நாடகம். சமையல் வேலை செய்யிற உனக்கு இந்த எழுத்து வேலை ஆர் தந்தது?

— ஊரில நான் பள்ளிக்கூடத்தில நாடகம் பழக்கின ரீச்சர், அண்ணை. இஞ்ச வந்துதான் சமையல். அமெரிக்க நாடகத்தையோ சொல்லுறியள்? ஈபன் ஹொலவே. ஆயிரத்து எண்ணூற்று ஐம்பதுகளில ஒஹாயோ மாநிலத்தில லோயரா இருந்து சட்டசபைக்குப் போனவர். மனுசன் செத்து நூறு வருசத்துக்கு மேல. அவரின்ர பேரப்பிள்ளையள் ஆரும் உங்களிட்ட வந்து அழுதவையோ?

— விளையாடாதை. சட்டப்படி பார்த்தா…

— அக்கா, அதே வசனம். ஹொலவேயா நடிக்கிற சிறி அண்ணன் மைக்ல இப்படித்தான் சொல்வாரு. "சட்டப்படி பார்த்தா"ன்னு இழுத்துட்டு, ஒரு தடவை மூக்கை உறிஞ்சிட்டு.

— ஆர் இந்தப் பிள்ளை?

— ஹரிப்பிரியா. தமிழ்நாட்டுப் பிள்ளை. பொயிண்ட் குக்கில மருந்துக்கடையில பார்மசிஸ்ட். நாடகத்தில மார்த்தாவா நடிக்கிறவா, தப்பி வந்த அடிமை ஐசாக்கின்ர தமக்கை.

— பொயிண்ட் குக்கில இருந்து கிளென் வேவர்லிக்கு வந்து ஒத்திகையோ? ஊரின்ர ரெண்டு தொங்கல். வேற வேலை இல்லையோ, பிள்ளை?

— ஒத்திகைக்கு இல்லீங்க சார். அக்காவைப் பார்க்க வந்தேன். நீங்க பேசுங்க, நான் வெங்காயம் உரிக்கிறேன்.

— கேள், நாகபூசணி. நான் இன்ரநெற்றில தேடிப் பார்த்திட்டன். ஈபன் ஹொலவே எண்டு ஒரு லோயர் ஒஹாயோவில இருக்கேல்லை. சட்டசபையிலயும் இருக்கேல்லை. நீ இட்டுக்கட்டின ஆள்.

— ஓம், இட்டுக்கட்டினதுதான். நாடகம்தானே, பாருங்கோ. இல்லாத ஆளைப் பற்றி எழுதினா ஆருக்கு நோகும்?

— சனத்துக்குத் தெரியும் அது ஆரெண்டு.

— அப்ப வழக்குப் போடுங்கோ. நீதவானுக்கு முன்னால ஏறி நிண்டு, "ஐயா, அந்த ஏமாத்துக்காரன் நான்தான், என்னைப் பற்றித்தான் எழுதியிருக்கிறா" எண்டு சொல்லுங்கோ. நான் ஒரு சொல்லும் மறுக்கமாட்டன்.

— ஏமாத்துக்காரன் எண்டு நாடகத்தில ஒரு இடத்திலயும் வரேல்லை.

— அப்ப ஒரு பாகமும் விடாமல் கேட்டிருக்கிறியள்.

— கேக்காமல் என்ன செய்யிறது? காரில போனா ஓடுது. டண்டினோங்கில மரக்கறி வாங்கப் போனா கடைக்காரன் போட்டு வைச்சிருக்கிறான். பெடியள் என்னை "ஒஹாயோ அங்கிள்" எண்டு கூப்பிடுறாங்கள். வோட்டுப் பேப்பர் தபாலில சனத்தின்ர வீட்டுக்கு வந்திட்டுது. மேசையில கிடக்குது. அடுத்த கிழமைக்குள்ள நிரப்பி அனுப்பப் போகினம். இந்த நேரத்தில நீ கடைசிப் பாகம் எண்டு ஒண்டை விட்டா, கவுன்சில் கதிரை எனக்கு இந்தப் பிறப்பில இல்லை.

— வானொலிக்காரரிட்டக் கேக்கலாமே, நிப்பாட்டச் சொல்லி.

— கேக்கலாம். கேட்டா, விக்னராஜா வானொலியின்ர வாயைப் பொத்தினவர் எண்டு அடுத்த நாள் கதை வரும். அதுக்குத்தான் உன்னட்ட நேர வந்தனான். ஏன் இப்பிடிச் செய்யிறாய்? அதுவும் ஏன் ஒரு அமெரிக்காக்காரன்?

— ஆளை நீங்கள்தானே தந்தனீங்கள். மேடைக்கு மேடை சொல்லுவியள். அந்தக் காலத்து அமெரிக்காவில சின்ன ஊர் லோயர்மார் ஏழையளின்ர வழக்கைத் தோளில தூக்கிக்கொண்டுதான் சட்டசபைக்குப் போனவை, நானும் அந்தப் பாதையில வாறன் எண்டு. நான் முன்வரிசையில இருந்து கைதட்டினனான். கபிலனின்ர அகதி வழக்குப் பேப்பர் அப்ப உங்கட கையில.

— கபிலனை இதுக்குள்ள இழுக்காதை.

— என்ர தம்பியை நான் இழுக்காமல் ஆர் இழுக்கிறது?

— சரி, முதலாம் பாகத்தை எடு. தோல் பதனிடுறவன்ர மகன், மெழுகுதிரி வெளிச்சத்தில சட்டம் படிக்கிறான், குதிரைத் தீனிக் கடைக்கு மேல கந்தோர் துறக்கிறான். நல்லாத்தான் இருந்தது. என்ர மனுசியும் ரசிச்சவா. அவவுக்கு அப்ப விளங்கேல்லை.

— உங்கட கந்தோரும் மீன்கடைக்கு மேலதானே.

— அதைத்தானே சொல்லுறன். பிறகு ஆத்தைக் கடந்து வாற அடிமையள்.

— அது சரித்திரம், அண்ணை, நான் கண்டுபிடிச்சதில்லை. ஒஹாயோ ஆத்துக்கு அங்கால அடிமைத்தனம், இஞ்சால இல்லை. இரவில வள்ளத்தில வருவினம். இஞ்சால பிடிச்சாலும் மறியலில போட்டுத் திருப்பி அனுப்பச் சட்டம் இருந்தது. லைப்ரரியில அதை வாசிச்ச உடன எனக்கு வேற ஒண்டும் தேவைப்படேல்லை. ஹொலவே அந்த ஆக்களின்ர வழக்குகளை எடுக்கிறார். பேர் வருது. "தப்பி வந்தவரின் தோழன்" எண்டு நோட்டீஸ் அடிக்கினம்.

— அது என்ர நோட்டீசில இருந்த வசனம்.

— நல்ல வசனம். அதால எடுத்தனான்.

— எத்தினை பெடியளுக்கு விசா எடுத்துக் குடுத்திருக்கிறன் எண்டு தெரியுமோ உனக்கு? காசு வாங்காமல். சனி ஞாயிறு பாராமல். அதை நாடகத்தில போட்டியோ?

— போட்டனான். மூண்டாம் பாகம் முழுக்க அதுதான். ஹொலவே பனிக்குள்ள குதிரையில போய் ஒரு தாயையும் பிள்ளையையும் மீட்டுக்கொண்டு வாறார். சனம் வானொலிக்குப் போன் அடிச்சு அழுதது. நீங்கள் செய்த நல்லதில ஒண்டையும் நான் மறைக்கேல்லை. அதைக் கேட்டுச் சனம் அவரை நம்பினபடியாத்தான் ஐந்தாம் பாகம் சுட்டது.

— ஐந்தாம் பாகம் முழுப் பொய்.

— எது பொய்?

— ஐசாக்கின்ர மனுவைக் கோர்ட்டில குடுக்கிற கடைசி நாள். ஹொலவே கட்சிக்காரரின்ர விருந்தில இருக்கிறார். பித்தளை வாத்தியம், வெற்றி மாலை, போத்தல் போத்தலாக் குடி. நான் அண்டைக்கு ஒரு சொட்டும் குடிக்கேல்லை.

— சார், குடிச்சது ஹொலவே.

— நீ வெங்காயத்தைப் பார், பிள்ளை.

— விடு, பிரியா. அவர் சொல்லட்டும்.

— அது முதியோர் சங்கத்து மத்தியானச் சாப்பாடு. தோடம்பழ ஜூஸ்தான் தந்தவை. அழைப்பில ஒரு நேரம் போட்டிருக்கும், எங்கட ஆக்கள் எப்ப தொடங்குவினம் எண்டு உனக்குச் சொல்லத் தேவையில்லை. விளக்கு ஏத்தவே சாப்பாட்டு நேரம் தாண்டியிட்டுது. கோர்ட் கவுண்டர் நாலு மணிக்குப் பூட்டும் எண்டு எனக்கு ஞாபகம் இருந்தது. நான் எழும்பினனான். "பொன்னாடை இருக்கு, அடுத்தது நீங்கள்தான்" எண்டு கையைப் பிடிச்சு இருத்திப்போட்டினம். அடுத்தது எண்டு சொல்லிப்போட்டு ரெண்டு பேச்சு. அதுக்குப் பிறகு ஒரு பரதநாட்டியம். நடுவில எழும்பிப் போனா அந்தப் பிள்ளையின்ர தாய் தகப்பன் என்ன நினைப்பினம்? எல்லாம் வோட்டு.

— பேப்பர் எங்க இருந்தது?

— காரில. பின் சீற்றில.

— கபிலன் கையெழுத்துப் போட்ட பேப்பர்.

— ஓம்.

— நான் குதிரைச் சேணப் பையில எண்டு எழுதினனான். கிட்டத்தட்டச் சரியா வந்திருக்கு.

— உனக்கு அந்தப் பொன்னாடைக் கதையை ஆர் சொன்னது? மண்டபத்தில இருந்தவை ஒருத்தருக்கும் என்ர காருக்குள்ள என்ன இருக்கெண்டு தெரியாது.

— எனக்கும் தெரியாது, அண்ணை. பிறகுதான் திகதியை வைச்சுப் பார்த்தனான். கோர்ட்டின்ர கடைசி நாளும் அந்தச் சாப்பாட்டு நாளும் ஒண்டு. அந்தச் சாப்பாட்டைச் சமைச்சது நான்.

— நீயோ?

— நான்தான். உங்களுக்குக் கத்தரிக்காய்ப் பால்கறி ரெண்டாந்தரம் வைச்சதும் நான்தான். வைக்கேக்க மெதுவாக் கேட்டனான், கபிலன்ர அலுவல் எப்பிடி அண்ணை எண்டு. "எல்லாம் ஒழுங்கு, நீ யோசிக்காதை" எண்டியள். எனக்குச் சந்தோசம். ஒரு அப்பளமும் கூட வைச்சனான். பொன்னாடை போத்தேக்க குசினி வாசலில நிண்டு நானும் கைதட்டினனான்.

— அந்த நேரம் நான் உண்மையா நினைச்சனான், எப்பிடியும் போய்ச் சேர்ந்திடலாமெண்டு.

— சரி. தவணை தப்பிட்டுது. மனுசருக்குப் பிழை வரும். அண்டைக்குப் பின்னேரம் எனக்கு ஒரு போன் எடுத்து, நாகபூசணி, பிழை விட்டிட்டன் எண்டு சொல்லியிருந்தா, நான் உங்கட காலில விழுந்து, வேற வழி பாருங்கோ எண்டிருப்பன். நீங்கள் என்ன செய்தனீங்கள்?

— பழசைக் கிளறாதை.

— கபிலன் பேப்பரை நேரத்துக்கு அனுப்பேல்லை எண்டு சொன்னனீங்கள். எனக்கும் சொல்லி, சிட்னியில நான் பிடிச்ச புது லோயர் தாரகாவுக்கும் அதையே எழுதிக் குடுத்தனீங்கள். வில்லாவுட் முகாமில அடைபட்டுக் கிடக்கிறவன் சோம்பேறித்தனத்தில இருந்திட்டானாம். நான் அதை நம்பினனான், அண்ணை. அதுதான் எனக்கு ஆறுதில்லை. இரவு பஸ்ஸில சிட்னிக்குப் போய், கண்ணாடிக்குப் பக்கத்தில இருந்து, என்ர தம்பியை நான் பேசினனான். உனக்கு உயிரில அக்கறை இல்லையோ எண்டு. அவன் "நான் அனுப்பினனான் அக்கா" எண்டு ஒருதரம் சொல்லிப்போட்டுக் குனிஞ்சிட்டான்.

— எனக்கு அப்ப பயம். லைசென்ஸ் போயிடுமெண்டு. எலெக்சனுக்குப் பேர் குடுத்திருந்த நேரம்.

— தாரகா சொன்னவா, லோயரின்ர பிழையாலதான் தவணை தப்பினதெண்டு அவரே ஒத்துக்கொண்டு எழுதித் தந்தா, பிந்தினாலும் கோர்ட் கேக்கச் சந்தர்ப்பம் இருக்கெண்டு. இல்லாட்டி, கபிலன்ர பிழை எண்டு சொல்லி வழக்கை மூடிப்போடுவினம். பிறகு பிளேனில ஏத்துவினம். இதைச் சொல்லி உங்கட கந்தோர்ப் படியில எத்தினை தரம் ஏறினனான்? மீன் மணம் இப்பவும் மூக்கில நிக்குது. ஒருக்கால் மீற்றிங்கில எண்டியள். ஒருக்கால் உள்ளுக்க இருந்துகொண்டே இல்லையெண்டு சொல்லுவிச்சனீங்கள்.

— அதுக்கு நாடகமோ?

— நான் அழுகிறதுக்கு வானொலியில நேரம் தரமாட்டினம். நாடகத்துக்குத் தருவினம்.

— சரி. கடைசிப் பாகத்தில என்ன வருது? அதைச் சொல்லு.

— எழுதி முடிச்சிட்டன். அந்தா, அரிசி வாளிக்கு மேல கிடக்குது. பிரியா, கையைக் கழுவிப்போட்டு அந்தக் கடைசிக் காட்சியை வாசி. அவர் கேக்கட்டும்.

— எதிலேர்ந்து அக்கா?

— ஹொலவே சட்டசபைக்கு வெண்டு, படியில நிண்டு சனத்துக்குக் கை காட்டுறாரே, அதில இருந்து.

— சரி. "ஹொலவே ஐயா, என் பெயர் மார்த்தா. இந்த ஊர்வலத்துக்கு ரொட்டி சுட்டுக் கொடுத்தவள் நான். என் தம்பி ஐசாக்கை ஆற்றுக்கு அப்பால் கொண்டுபோய்விட்டார்கள். அவன் கையெழுத்துப் போடவில்லை என்று பத்திரிகைக்குச் சொன்னீர்கள். அவன் கையெழுத்துப் போட்ட காகிதம் உங்கள் குதிரையின் மேல் இருந்தது. நான் கேட்பது ஒன்றுதான். இத்தனை பேருக்கு முன்னால் நீங்கள் இல்லையென்று சொன்னால் நான் போய்விடுகிறேன். சொல்லுங்கள், ஐயா."

— அதுக்கு அவர் என்ன சொல்லுறார்?

— ஒண்ணும் சொல்ல மாட்டார் சார். கூட்டம் மெல்ல மெல்லக் கலையற சத்தம் மட்டும்தான். செருப்புச் சத்தம். அதோட முடியுது.

— அதோட ஹொலவேயின்ர அரசியலும் முடியுது, பாருங்கோ. அடுத்த தேர்தலில நிக்கிறார், ஊர் சிரிக்குது. திரும்பவும் தீனிக் கடைக்கு மேல வந்து கந்தோர் துறக்கிறார். படியில ஒருத்தரும் ஏறேல்லை.

— இது நாளைக்குப் போகக்கூடாது, நாகபூசணி.

— ஏன்? நூற்றைம்பது வருசத்துக்கு முந்தின கதை.

— உனக்கு என்ன வேணும்?

— எனக்கோ? எனக்கு நீங்கள் மரக்கறிக்கடையில, கோயிலில, பிள்ளையளின்ர அரங்கேற்றத்தில, போற இடமெல்லாம் சிரிபடவேணும். ஆர் பொன்னாடை கொண்டு வந்தாலும் உங்களுக்கு வேர்க்கவேணும். அதுதான் வேணும். வேற ஒண்டும் இல்லை.

— அக்கா, கபிலன்.

— தெரியும், பிரியா.

— இல்லக்கா, சார் கிட்ட நான் ஒண்ணு கேக்கறேன். சார், லாயர் தப்பு பண்ணினா அதுக்குத்தானே இன்ஷூரன்ஸ் கட்டறீங்க? எங்க கடையில தப்பான மருந்து போயிடுச்சுன்னா உடனே சொல்லிடணும். சொன்னா மன்னிப்பாங்க. மறைச்சா வேலை போயிடும். உங்களுக்கும் அப்படித்தானே இருக்கும்?

— கிட்டத்தட்ட.

— இன்னொண்ணு. நீங்க இப்ப எழுதிக் கொடுத்தா அதை யாரு பார்க்கப் போறாங்க? தாரகா பார்ப்பாங்க. ஜட்ஜ் பார்ப்பாரு. அதுக்குள்ள உங்க எலெக்சன் முடிஞ்சிடும். வரிசையில நின்னு காய்கறி வாங்கறவங்க யாரும் கோர்ட் ஃபைல் படிக்கப் போறதில்லை.

— பிள்ளை லோயரா வந்திருக்கலாம்.

— எனக்கு வெங்காயமே போதும் சார்.

— சரி. சட்டப்படி… சரி, நான் யோசிச்சுத்தான் சொல்லுறன். நான் எழுதித் தாறன். என்ர பிழையெண்டு. அதுக்குப் பதில் கடைசிப் பாகம் எனக்கு வேணும், கையெழுத்துப் பிரதியோட. நாளைக்கு அது போகக்கூடாது.

— எனக்கு உங்கட பேரம் வேண்டாம். கன காலம் காத்திருந்திட்டன். நீங்கள் போங்கோ, அண்ணை.

— பூசணி, கேள். உன்ர தம்பிக்காக.

— என்ர தம்பிக்காக எண்டு நீங்கள் சொல்லாதையுங்கோ. அது என்ர வாயில வரவேண்டிய சொல்லு.

— சரி, எனக்காக. எனக்காக எழுதித் தாறன். காணுமோ? கெஞ்சிக் கேக்கிறன்.

— பிரியா, அந்த லாச்சியைத் திற. தபால்கந்தோரில எடுத்த ஸ்டாட் டெக் போம் கிடக்கும். சத்தியக் கடதாசி. பார்மசிஸ்ட் சாட்சிக் கையெழுத்துப் போடலாம்தானே?

— போடலாம் அக்கா. கடையில தினமும் பத்துப் பேருக்குப் போடறேன். சார், பேனா இந்தாங்க. உங்க கையாலயே எழுதுங்க.

— எழுதுறன். "எதிர்பாராத நிர்வாகக் காரணங்களால் மனுவைத் தவணைக்குள் தாக்கல் செய்ய முடியவில்லை."

— இல்லை.

— இது இப்பிடித்தான் எழுதுறது, நாகபூசணி. கோர்ட்டுக்கு ஒரு மொழி இருக்கு.

— நிர்வாகக் காரணமோ? பரதநாட்டியம் நிர்வாகமோ? வெட்டுங்கோ அதை. கபிலன் நேரத்துக்குக் கையெழுத்துப் போட்டுத் தந்தவன். அதை முதல்ல எழுதுங்கோ.

— எழுதியிட்டன்.

— அந்தப் பேப்பர் என்ர காரில இருந்தது.

— "எனது வாகனத்தில்."

— நான் ஒரு சாப்பாட்டு நிகழ்ச்சியில இருந்தனான்.

— "ஒரு சமூக நிகழ்வில்."

— கோர்ட் பூட்டப் போகுதெண்டு தெரிஞ்சும் எழும்பேல்லை. பொன்னாடைக்காக இருந்தனான்.

— ஒரு வெள்ளைக்கார நீதவானுக்குப் பொன்னாடை எண்டா என்னெண்டு விளங்கும்? ஒரு துணிக்காக இருந்தவன் எண்டு நினைக்கமாட்டாரோ?

— நினைக்கட்டும். சரியாத்தான் நினைப்பார்.

— இதை எழுதினா நான் மனுசனில்லை.

— எழுதாட்டி நீங்கள் கவுன்சிலர் இல்லை. எது பெரிசெண்டு நீங்களே சொல்லுங்கோ.

— …எழுதியிட்டன். "எனக்குச் சால்வை அணிவித்துக் கௌரவிக்கவிருந்ததால் நான் அங்கேயே தங்கிவிட்டேன்."

— அது வடிவா இருக்கு. இப்ப கடைசி வசனம். கபிலன்தான் பிந்தினவன் எண்டு தாரகாவுக்கு எழுதினது உண்மையில்லை. அது என்ர பொய்.

— பொய் எண்ட சொல் வேண்டாம்.

— அப்ப என்ன சொல்?

— "சரியானதல்ல."

— பிரியா, அந்தக் கடைசிக் காட்சியை இன்னொருக்கால் வாசி. இந்தமுறை சத்தமா. பக்கத்து வீட்டுக்காரர் தமிழ்தான்.

— நில்லு. எழுதுறன். "அது பொய்." பார்த்துக்கொள். காணுமோ?

— காணும். கையெழுத்துப் போடுங்கோ.

— சார், சட்டப்படி நான் ஒண்ணு கேக்கணும். இதுல இருக்கறதெல்லாம் உண்மைன்னு நம்பி, உங்க விருப்பத்தோட, யாரும் கட்டாயப்படுத்தாம கையெழுத்துப் போடறீங்களா?

— உண்மைதான். ஒவ்வொரு சொல்லும் உண்மை. கட்டாயம் எண்டு ஒண்டும் இல்லை. எனக்கு வோட்டு வேணும், போடுறன். உன்ர பேரையும் கடைப் பேரையும் கீழ எழுது, பிள்ளை.

— எழுதிட்டேன். அக்கா, போன்ல படம் எடுத்துத் தாரகாவுக்கு அனுப்பிடட்டுமா? ஒரிஜினலை நாளைக்குப் போஸ்ட் பண்ணிக்கலாம்.

— இப்பவே அனுப்பு.

— அனுப்பியாச்சு. ரெண்டு டிக்கும் நீலமாயிடுச்சு. பார்த்துட்டாங்க போலிருக்கு.

— சரி, என்ர பங்கு முடிஞ்சுது. கையெழுத்துப் பிரதியைத் தா, நாகபூசணி.

— இந்தாங்கோ. முழுதும் இருக்கு. வேற கொப்பி இல்லை. கறிவேப்பிலை ஒட்டியிருக்கு, தட்டிப்போட்டுக் கொண்டு போங்கோ.

— நாளைக்கு இது வானொலியில போகாது?

— நாளைக்கு இது போகாது.

— சத்தியமா?

— சத்தியமா. பழைய பாட்டுப் போடுவினம். நீங்கள் காரில போற நேரம் நிம்மதியாக் கேக்கலாம்.

— பாட்டோ? அப்ப நீ அவைக்கு இப்ப போன் எடுத்துச் சொல்லவேணுமே. வெள்ளிக்கிழமை பின்னேரமாச்சு. இந்த நேரத்தில நிகழ்ச்சியை மாத்த ஒத்துக்கொள்ளுவினமோ? பிறகு ஏலாதெண்டு எனக்குச் சொல்லக்கூடாது.

— நான் ஒருத்தருக்கும் போன் எடுக்கத் தேவையில்லை, அண்ணை. நேற்றுக் கோயிலில சனம் சிரிச்ச உடன, உங்கட எலெக்சன் வேலையை நடத்துற மச்சான் இந்திரகுமார் வானொலிக்காரரோட கதைச்சு நாடகத்தை நிப்பாட்டிப்போட்டார். இண்டைக்குக் காலமை எனக்கு அறிவிச்சவை. உங்கட கை இதில படக்கூடாதெண்டுதான் உங்களுக்குச் சொல்லேல்லையாம்.